படுவான்கரையில் அப்போது எத்தனை மணி?

பழைய கணினி ஒன்றை நேர சேர்வராக மாற்றுவது பெரிய வேலையில்லை. லினக்ஸைப் போட்டு, குரோனி என்ற சின்ன மென்பொருளை நிறுவி, வெளியில் இருக்கிற நாலு நேர சேர்வர்களின் பெயரைக் கொடுத்தால் சரி. பிறகு அதே வலையமைப்பில் இருக்கிற மற்றக் கணினிகள் எல்லாம் இதனிட்ட நேரம் கேட்டுக்கொள்ளும். பாடசாலை ஆய்வுகூடமோ ஊர் வாசிகசாலையோ, இணையம் கொஞ்ச நேரம் அறுந்தாலும் எல்லா மெசினிலும் ஒரே நேரம்தான் ஓடும். லினக்ஸை நிறுவும்போது மட்டும் ஒரு கேள்வி வரும்: நீங்கள் எந்த நேர வலயம்? நாங்கள் யோசிக்காமல் 'ஆசியா/கொழும்பு' என்று அமத்திவிட்டுப் போறம்.

மட்டக்களப்பில் அந்தக் கேள்விக்குப் பத்து வருசத்துக்குக் கிட்ட இரண்டு பதில்கள் இருந்தன.

எங்கட வாவிக்கு இரண்டு கரை. கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். மணிக்கூடு வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னமே, இந்த மண்ணுக்குப் பெயர் வைத்தவர்கள் சூரியனைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மணிக்கூட்டு நேரம் கொழும்பிலிருந்து வந்தது. 1906 வரை இலங்கையின் நேரம் கிரீன்விச்சைவிட ஏறக்குறைய 5 மணி 19½ நிமிடம் முந்தியது. 1906 இல் அது ஐந்தரை மணித்தியாலமாக ஆக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 இல் முதலில் ஆறு மணித்தியாலம், பிறகு ஆறரை. போர் முடிந்ததும் 1945 ஒக்டோபரில் திரும்பவும் ஐந்தரை. ஆக, நேரத்தை அரசாங்கம் முன்னுக்குத் தள்ளுவது இங்கே புதினமில்லை.

1996 இல் மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அப்போது நீர்மின்சாரம். நீர்த்தேக்கங்கள் வற்ற, கரண்ட் வெட்டு வந்தது. பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று மே 25 பிறக்கும் நள்ளிரவில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. கிரீன்விச்சைவிட ஆறரை மணித்தியாலம். அதே வருசம் ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்து ஆறு என்று நிறுத்தியது. மழை திரும்பி வந்த பிறகும் அந்த ஆறு மாறவில்லை.

விடுதலைப் புலிகள் இதை ஏற்கவில்லை. தங்கட கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய ஐந்தரையையே வைத்திருந்தார்கள். வன்னி என்றால் அது ஒரு பெரிய தொடர்ச்சியான நிலம். மட்டக்களப்பில் நிலைமை வேறு. பட்டினமும் கடலோரப் பாதையும் இராணுவத்திடம். படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். நடுவில் வாவி. மண்முனைத் துறையில் பாதையேறினாலும், வவுணதீவுப் பக்கம் வலையிறவுப் பாலத்தால் வந்தாலும், ஒரு ஆட்சியிலிருந்து இன்னொரு ஆட்சிக்குள் வருகிறீர்கள். கூடவே அரை மணித்தியாலத்தையும் கடக்கிறீர்கள்.

கொக்கட்டிச்சோலையில் இருந்து பட்டினத்து வங்கிக்கு ஒருவர் வாறார் என்று வைப்பம். வங்கி ஒன்பது மணிக்குத் திறக்கும். அவரின் கையில் இருப்பது பழைய நேரம் என்றால், அதில் எட்டரை ஆகும்போதே வங்கி திறந்துவிடும். ஒன்பதுக்குச் சரியாக வந்து நின்றவர் அரை மணித்தியாலம் பிந்தியவர். கல்யாண வீட்டு முகூர்த்தம், கடைசி பஸ், ஆஸ்பத்திரி கிளினிக் எல்லாத்துக்கும் 'புது நேரமா, பழைய நேரமா?' என்று ஒருக்கா கேட்க வேண்டியிருந்தது.

யாருடைய நேரம் சரி? சூரியனிட்டயே கேட்டுப் பார்க்கலாம். மட்டக்களப்பு ஏறக்குறைய 81.7 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் பார்த்தால், எங்கட சூரிய நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 27 நிமிடம் அளவில் முந்தியது. பழைய நேரப்படி சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.03 க்கு, புது நேரப்படி 12.33 க்கு. சூரியன் பழைய நேரத்தின் பக்கம்தான். ஆனால் இரண்டு தரப்பும் சூரியனுக்காகச் சண்டை பிடிக்கவில்லை. மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ள உத்தரவு போடுவதும், அந்த உத்தரவை மறுப்பதும், 'இங்கே ஆட்சி என்னுடையது' என்று சொல்கிற வழிகள். பாதையேறிப் போய்வந்த சனத்திட்ட ரெண்டு பக்கமும் கேக்கல்ல.

2006 ஏப்ரல் 14, புதுவருசம். அன்று இரவு பன்னிரண்டரை ஆனதும் மணிக்கூட்டைத் திரும்பவும் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தது அரசாங்கம். நாடு ஐந்தரைக்குத் திரும்பியது. வாவியின் இரு கரையிலும் ஒரே நேரம். யுத்தம் முடிவதற்கு இன்னும் மூன்று வருசம் இருந்தது.

கணினிகளுக்கு அந்த இரவு வேறு மாதிரி. நேர சேர்வர்கள் பேசும் மொழியின் பெயர் என்.ரி.பி. அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் உருவாக்கி, 1985 இல் முதலாவது விவரக்குறிப்பை வெளியிட்டார். 2024 சனவரியில்தான் காலமானார். உங்கள் கணினி ஒரு கேள்வியை அனுப்பும். சேர்வர் தான் அதைப் பெற்ற நேரத்தையும் பதில் அனுப்பிய நேரத்தையும் எழுதித் திருப்பி அனுப்பும். போக எடுத்த நேரமும் வர எடுத்த நேரமும் சமம் என்று வைத்து, உங்கள் மணிக்கூடு எவ்வளவு பிழை என்று கணிக்கலாம். நாலு சேர்வர் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்: இரண்டு முரண்பட்டால் எது பொய் என்று தெரியாது, கூட இருந்தால் பொய் சொல்வதை ஒதுக்கலாம்.

முக்கியமான விசயம், என்.ரி.பி நேர வலயத்தைக் கொண்டுவருவதே இல்லை. அது சொல்வது உலகம் முழுக்க ஒன்றான யூ.ரி.சி மட்டும். அதை மட்டக்களப்பு நேரமாக மாற்றுவது உங்கள் கணினிக்குள் இருக்கும் ஒரு அட்டவணை. 2006 இல் அந்த அட்டவணையைப் புதுப்பிக்காத கணினி, சேர்வரோடு மிகச் சரியாக ஒத்துப்போய்க்கொண்டே அரை மணித்தியாலம் பிழையாகக் காட்டியிருக்கும்.

அந்த அட்டவணை, ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, இப்போது போல் எகெர்ட் பராமரிக்கும் நேர வலயத் தரவுத்தளம். லினக்ஸும் அன்ட்ரொயிட் போனும் அதைத்தான் பார்க்கின்றன. அதன் இலங்கைப் பகுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது: புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை, அவர்களின் பகுதியில் இருப்பவர்கள் இந்திய வலயத்தைப் பாவிக்கலாம் என்று. மனிசர் வாசிக்கிற குறிப்பு அது. கணினி அதை வாசிக்காது. படுவான்கரைக்கு என்று தனி வலயம் எதுவும் இல்லை.

இருபது வருசத்துக்குப் பிறகு இது ஏன் எங்களுக்கு முக்கியம்? 2004 டிசம்பர் 26, சுமாத்திராவில் நிலம் நடுங்கியது யூ.ரி.சி 00.58 க்கு. கொழும்பு நேரப்படி காலை 6.58. பழைய நேரப்படி 6.28. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் கடல் எங்கட கரைக்கு வந்துவிட்டது. கல்லடியில் இருந்த ஒருவரும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வாகரைக் கரையில் இருந்த ஒருவரும், தாங்கள் மணிக்கூட்டில் பார்த்த நேரத்தைச் சரியாகவே சொல்லலாம். இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம் இருக்கும். தெரியாதவர் ஒருவரின் ஞாபகம் பிழை என்று எழுதிவிடுவார். காணாமல் போனவரைக் கடைசியாக எத்தனை மணிக்குக் கண்டது என்று சொல்லும் தாய்க்கும் இதே கதிதான்.

எனவே நேர சேர்வர் அமைக்கிற தம்பி தங்கச்சிமார், உள்மணிக்கூட்டை யூ.ரி.சியில் வையுங்கள், வலய அட்டவணையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கதைகளைப் பதிவு செய்கிறவர்கள் இன்னொன்றையும் செய்யுங்கள். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை எந்த நேரத்தை ஆராவது சொன்னாலும், எந்தக் கரை என்று கேட்டு, பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்த சேர்வரும் அதைச் சொல்லாது. கரையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்; அவர்களுக்கும் வயசு போய்க்கொண்டிருக்கிறது.