பகடையா, நடுவரா? - பாத்திர விளையாட்டின் வரலாறு

இரும்புலியூர் என்ற ஊர்ப்பெயருக்குள்ளேயே ஒரு புலி இருக்கிறது. தாம்பரத்தை ஒட்டிய அவ்வூரானாலும் சரி, தமிழ்நாட்டின் வேறு ஊரானாலும் சரி, தரையில் கோடு கீறி ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 3 புலிகள், 15 ஆடுகள். காய் நகர்த்தும் விதி இருவருக்கும் தெரியுமாதலால் அங்கு நடுவர் தேவையில்லை. பரமபதத்தில் நிலைமை வேறு. ஏணியும் பாம்பும் தாயக்கட்டையின் வசம். ஆடுபவரின் அறிவுக்கு அங்கே வேலை இல்லை. மூன்றாவதாகத் தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனால் கட்டியங்காரன் குறுக்கிட்டுக் கேட்கும் கேள்விகளில் பல அன்றைய இரவிலேயே பிறப்பவை.

விதி, வாய்ப்பு, கதை ஆகிய மூன்றையும் ஒரே மேசைமீது சேர்த்தால் கிடைப்பதே பாத்திர விளையாட்டு. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். நடுவர் சூழ்நிலையை விவரிக்கிறார். 'நான் ஆற்றைக் கடக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், கடந்தாரா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? பகடையா, நடுவரா? இக்கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

சதுரங்கமும் நிலப்படமும்

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் கொண்ட சதுரங்கம் இந்தியாவில் தோன்றி மேற்கே சென்றது. 1780-இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்பவர் அதைப் பெரிதாக்கிப் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். 1824-இல் பிரஷ்யாவின் பீரங்கிப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். கட்டங்களுக்குப் பதில் 1:8000 அளவிலான நிலப்படம். ஒவ்வொரு சுற்றும் 2 நிமிடப் போரைக் குறிக்கும். இரு தரப்பாரும் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரி கண்ணுக்குப் புலப்பட்டால் மட்டுமே அவன் காய் படத்தில் வைக்கப்படும். இழப்புகளைப் பகடையும் அட்டவணைகளும் கணக்கிட்டன.

நாளடைவில் விதிகள் பெருகின. ஆட்டம் ஆமை வேகமாயிற்று. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி, 'அட்டவணையும் பகடையும் வேண்டாம். போர் அனுபவமுள்ள நடுவரே விளைவைச் சொல்லட்டும்' என்ற கருத்தை முன்வைத்தார். இவ்வாறு கட்டுமுறை, கட்டற்ற முறை என இரு பாணிகள் பிறந்தன.

நடுவர் தவறினால்?

இரண்டாம் முறையின் ஆபத்துக்கு ஒரு சான்று உண்டு. 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை மிட்வே தாக்குதலை ஒத்திகை பார்த்தது. பகடையின்படி ஜப்பானியக் கப்பல்கள்மீது 9 குண்டுகள் விழுந்தன. அகாகி, காகா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. தலைமை நடுவரான உகாகி அந்த 9-ஐ 3 ஆகக் குறைத்தார், அகாகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஒத்திகையில் உயிர்பெற்று வந்தது. ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளான புசிதாவும் ஒக்குமியாவும் தம் நூலில் இவ்வாறு எழுதியுள்ளனர். அடுத்த மாதம் நடந்த உண்மைப் போரில் இரு கப்பல்களுமே மூழ்கின.

மேசைக்கு வந்த பாத்திரங்கள்

1969-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், இயற்பியல் பயின்ற டேவிட் வெஸ்லி ஒரு கற்பனை நகரப் போர் ஆட்டத்தை நடத்தினார். படைத்தலைவர்களோடு நகர மக்களுக்கும் பாத்திரங்களை ஒதுக்கினார். எதையும் முயன்று பார்க்கலாம், நடுவர் முடிவு சொல்வார் என்ற கருத்தை டாட்டன் என்பவரின் 1880-ஆம் ஆண்டுப் போர் விளையாட்டு நூலிலிருந்து அவர் பெற்றிருந்தார். ஆடியவர்கள் ஆளுக்கொரு திட்டம் தீட்டவே ஆட்டம் கைமீறிப் போனது. தோல்வி என்று அவர் எண்ணினார். நண்பர்களோ மறுபடியும் வேண்டும் என்றார்கள்! அவர்களுள் ஒருவரான ஆர்னசன், கைகாக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்.

அதில் பாத்திரத்தின் வலிமையை அறிய 3 பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். மொத்தம் 216 வழிகள். 18 விழ ஒரே வழி. 10 விழவோ 27 வழிகள். எனவே நடுத்தர மனிதர் பலர், மாவீரர் அரியர். 20 முகப் பகடையிலோ ஒவ்வோர் எண்ணுக்கும் 5 விழுக்காடு வாய்ப்பு. எந்தப் பகடை என்று தேர்ந்தெடுப்பதே எத்தகைய உலகம் என்று தேர்ந்தெடுப்பதாகிறது.

பிறகு பாணிகள் பலவாயின. 1984-இல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' வரிசையில், கூத்தைப் போலக் கதைப்பாதை பெரும்பாலும் முன்பே வகுக்கப்பட்டது. வேறு சில ஆட்டங்களில் நடுவர் நிலப்பரப்பை மட்டும் அமைப்பார். எங்கே போவது என்பது ஆடுபவர் விருப்பம். 1991-இல் வந்த 'ஆம்பர்' பகடையையே கைவிட்டது. 2009-இல் வந்த 'ஃபியாஸ்கோ' நடுவரையே கைவிட்டது.

நீங்களே செய்து பாருங்கள்

இது வெறும் பொழுதுபோக்கன்று. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, அடையாற்று வெள்ளம் முடிச்சூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. பேரிடர் மேலாண்மைத் துறையினர் இத்தகைய நிலைமைகளை மேசைப் பயிற்சியாக நடத்திப் பார்க்கிறார்கள். நீங்களும் நண்பர்கள் ஐவர் கூடி முயலலாம். ஒருவர் பேருந்து ஓட்டுநர், ஒருவர் மருத்துவமனைச் செவிலியர், ஒருவர் தரைத்தளக் குடியிருப்பாளர், ஒருவர் நகராட்சி அலுவலர், ஐந்தாமவர் நடுவர். உங்கள் தெருவின் படத்தை வரைந்துகொள்ளுங்கள். பாத்திரங்கள் எதையும் முயலட்டும். அங்கே நடுவர் தாராளமாக நடந்துகொள்ளலாம். நீர்மட்டத்தை மட்டும் மணிக்கு ஒருமுறை பகடை உயர்த்தட்டும். விழுந்த எண் பிடிக்கவில்லை என்று அதை அவர் குறைக்கக் கூடாது. நண்பரின் வீடு மூழ்கினாலும், மூழ்கியது என்றே சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு நால்வரும் என்ன செய்கிறார்கள் என்று குறித்துவைத்து, அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.