ஆச்சா மரமும் நரசிங்கம்பேட்டை நாதசுரமும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், வங்கியம் எனப்படும் துளைக்கருவிக்கு உரியனவாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தைக் கூறி, அவற்றுள் மூங்கிலையே தலையாயதாக வைத்தபோதிலும், கருங்காலியை வேண்டுவதே பெருவழக்கு என்றும் குறித்துச் செல்கிறார். அதைவிடக் கவனத்திற்கு உரியது, மரத்தைப் பதப்படுத்துவது பற்றி அவர் தரும் விளக்கம்: முற்றிய மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, திருகுதலும் பிளத்தலும் நேரவில்லை என்பதை அறிந்து, ஓர் ஆண்டு சென்ற பின்னரே கருவி செய்ய வேண்டும் என்கிறார். வன்மரத்தோடு நாளும் பழகிய தச்சரின் அறிவே இங்கு உரைநூலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

அந்த அறிவின் தொடர்ச்சியைக் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, ஆடுதுறைக்கு அருகில் உள்ள நரசிங்கம்பேட்டையில் காணலாம். தலைமுறைகளாக நாதசுரம் செய்துவரும் இவ்வூர் ஆசாரிகள் கருங்காலியை விட்டு ஆச்சா மரத்தைக் கைக்கொண்டனர். தாவரவியலார் ஹார்ட்விக்கியா பினாட்டா என்று அழைக்கும் இம்மரம், தக்காணத்திலும் தமிழகத்தின் வறண்ட காடுகளிலும் இயல்பாக வளர்வது; இதன் வைரம், அதாவது நீரோட்டம் நின்று இறுகிப்போன நடுக்கட்டை, கன மீட்டருக்கு 1,000 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டிருப்பதால் தண்ணீரில் இட்டால் மூழ்கிவிடும்.

நாதசுரத்தின் உடலாகிய உலவு மேலே குறுகிக் கீழே விரியும் துளையை உடையது. அதன் தலையில் கெண்டை என்னும் உலோகக் குழலும் அதில் சீவாளி என்னும் நாணல் தட்டையும் பொருந்த, அடியில் வாகை மரத்தால் கடைந்த அணைசு சேர்கிறது. வாசிப்பவரின் மூச்சிலுள்ள ஈரம் மணிக்கணக்கில் உலவின் உட்சுவரை நனைத்து, வாசிப்பு முடிந்ததும் உலர்ந்துபோகிறது. ஈரம் வற்றாத புதுக்கட்டை இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்காது வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் துளை கோணி, சுருதி பிசகும். ஆகவேதான் இவ்வூரார் மரக்கடைக்குச் செல்லாமல், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கினர். அடியார்க்குநல்லார் விதித்த ஓர் ஆண்டு, இங்கு மூன்று தலைமுறைக் காலமாக நீண்டது. ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கி நின்ற காலமெல்லாம் அந்த மரம் பதமாகிக்கொண்டிருந்தது.

முன்னாளில் பெரிதும் வழங்கிய திமிரி நாதசுரம் குட்டையானது, உயர்ந்த சுருதியை உடையது. அதில் சுத்த மத்தியமம், அதாவது நான்காம் சுரத்தின் தாழ்ந்த வகை, இயல்பாகப் பேசாமையால் வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதனை வரவழைக்க வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க விரும்பிய நாதசுர வித்துவான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தையும் துளையின் விரிவையும் துளைகளின் இடைவெளியையும் மாற்றி உருவாக்கிய பாரி நாதசுரமே இன்று பெருவழக்கில் உள்ளது. ராஜரத்தினம் பிள்ளையின் புகழைப் பேசும் நூல்கள் ஆசாரியின் பெயருக்கு ஒரு வரியோடு நின்றுவிடுவது முறையன்று: துளையின் நுண்ணிய வேறுபாடும் சுரத்தை மாற்றிவிடும் ஒரு கருவியில், இரும்புக்கு நிகரான மரத்தைக் குடைந்து அளவைக் கண்டறிந்த கையும் இசையறிந்த கையே.

2022 மார்ச்சில் நரசிங்கம்பேட்டை நாதசுரம் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும், மரத்தைத் தராது. ஆச்சா உத்தரம் தாங்கிய பழைய வீடுகள் குறைந்துவருகின்றன. புதிதாக நடப்படும் கன்று வைரம் பாய ஒரு மனித ஆயுள் போதாது. எனவே, காவிரிக்கரையில் பழைய வீட்டைப் பிரிக்க நேர்வோர், அதன் உத்தரங்களை விறகுக்குத் தள்ளுவதற்கு முன், நரசிங்கம்பேட்டை ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்ட வேண்டும்.