இரு நாவல்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகள்: சி.வி. ராமன் பிள்ளையும் சுந்தர ராமசாமியும்

புனைகதையாளர் எழுத இயலாது நின்றுவிடும் காலத்தை இலக்கிய வரலாறுகள் வெற்று இடைவெளியாகவே கடந்து செல்கின்றன. அவ்வாண்டுகளில் அவர் என்ன செய்தார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தென்திருவிதாங்கூரோடு தொடர்புடைய இரு நாவலாசிரியர்களின் எழுத்து வாழ்க்கை இவ்வினாவுக்குப் பயனுள்ள சான்றுகளைத் தருகிறது.

அன்று ஒற்றசேகரமங்கலம், பாறசாலை முதலிய ஊர்களைக் கொண்டிருந்த நெய்யாற்றங்கரை வட்டம், 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு, கல்குளம் வட்டங்களோடு ஒரே ஆட்சிப்பரப்பில் இருந்தது. எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய இளவரசர் மார்த்தாண்டவர்மர் பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்று கூறும் ‘அம்மச்சிப் பிலாவு’ மரபுக்கதை நெய்யாற்றங்கரைக்கு உரியது. அந்த அதிகாரப் போரையே சி.வி. ராமன் பிள்ளை (1858–1922) தம் முதல் நாவலான ‘மார்த்தாண்டவர்மா’வின் பொருளாக்கினார்.

அந்நாவல் 1891இல் வெளிவந்தது. அடுத்த வரலாற்று நாவலான ‘தர்மராஜா’ வெளிவந்தது 1913இல். இடையில் 22 ஆண்டுகள்! அரசுப் பணிச்சுமை ஒரு காரணமாக இருக்கலாம். அரசு அச்சகக் கண்காணிப்பாளர் பொறுப்பு வரை வகித்த அவர், பணியிலிருந்து விலகிய பின்னரே ‘தர்மராஜா’வை வெளியிட்டார். ஆயினும் அவர் பேனா முற்றிலும் ஓய்ந்திருக்கவில்லை. ‘குறுப்பில்லாக் களரி’ (1909) போன்ற நகைச்சுவை நாடகங்கள் இக்காலத்தவை. சமகாலத் திருவனந்தபுரத்து மாந்தரின் பேச்சே அவற்றின் உயிர். ‘தர்மராஜா’வில் மாந்தர்தோறும் வேறுபடும் பேச்சுநடைக்கு நாடகப் பயிற்சி துணைநின்றிருக்கும் எனக் கருத இடமுண்டு. தம் நாவல்களை அவர் பிறரைக் கொண்டு சொல்லி எழுதுவித்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

சுந்தர ராமசாமியின் நிலை வேறு. ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் நூலானபின், ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் எழுத்துலகிலிருந்தே விலகி நின்றார். சி.வி. மௌனம் காத்தது நாவல் என்னும் ஒரு வடிவத்தில் மட்டுமே. சுந்தர ராமசாமியின் மௌனமோ எல்லா வடிவங்களையும் தழுவியது. 1973 அளவில் அவர் கவிதையோடும் சிறுகதையோடும் திரும்பினார். பசுவய்யா என்ற புனைபெயரில் ‘நடுநிசி நாய்கள்’ 1975இல் வெளிவந்தது. இரண்டாம் நாவலான ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வெளிவர 1981 ஆயிற்று. கற்பனையான மலையாள எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்புகளாகவும் நாட்குறிப்பாகவும் அமைந்த அந்நாவல், ஊர்க்கதையாக விரியும் முதல் நாவலின் கதைசொல்லும் முறையை முற்றிலும் கைவிட்டிருந்தது.

இரு மௌனங்களையும் ஒன்றெனக் கொள்வது பிழை. ஆனால் இருவரும் நாவலுக்கு வேறொரு வடிவத்தின் வழியாகவே மீண்டனர்: ஒருவர் நாடகத்தின் வழி, மற்றவர் கவிதையின் வழி. இருவருமே முதல் வெற்றியை அப்படியே திருப்பி எழுதவில்லை. எனவே, எழுத்துத் தடை என்பதைச் சொல்வளம் வற்றிய நிலையாக மட்டும் விளக்குவது போதாது. முன்பு கைகொடுத்த வடிவம் இனி உதவாது என்னும் உணர்வும் அதற்குள் செயல்படக்கூடும்.

நம் ஆய்வேடுகளின் பின்னிணைப்புகள் நாவல், நாடகம், கவிதை, மொழிபெயர்ப்பு எனத் தனித்தனிப் பட்டியல்களாக அமைவதால் இத்தொடர்பு கண்ணில் படுவதில்லை. ஓர் எழுத்தாளரின் எல்லா எழுத்தையும் ஒரே ஆண்டுவரிசையில் அடுக்கிப் பார்க்கும் ஆய்வு மாணவருக்கு, எந்த இடைவெளி உண்மையான மௌனம், எது வேறொரு வடிவத்தில் நடந்த பயிற்சி என்பது புலப்படத் தொடங்கும்.