பொது நியாயம்

பொது நியாயம் என்பது தாராளவாத அரசியல் தத்துவத்தின் மையக் கருத்துகளுள் ஒன்று. அரசு ஒருவரை ஒன்றைச் செய்யச் சொல்லும்போதோ செய்யவிடாமல் தடுக்கும்போதோ, அதற்குக் காட்டும் காரணம் அந்த மனிதரும் ஒரு குடிமகனாக நின்று எடைபோடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இதன் சாரம். 'எங்கள் மறை அப்படிச் சொல்கிறது' என்பது நம்புகிறவருக்குப் போதுமான காரணம். நம்பாதவர்மீது சட்டம் பாயும்போது அது போதாது. ஒரு சட்டம் சரியா தவறா என்பது ஒரு கேள்வி. அதை ஏற்காதவரிடம் என்ன நியாயம் சொல்வது என்பது வேறு கேள்வி. இக்கருத்து இரண்டாவதைப் பற்றியது. கருக்கலைப்பு, கருவின்மீதான ஆய்வு, உயிர்துறக்கும் உரிமை, உறுப்பு விற்பனை முதலிய உயிரி அறவியல் சிக்கல்களில்தான் இது கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அங்கேதான் மிகவும் திணறியும் இருக்கிறது.

முன்னோடிகள்

தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் எழுதிய 'லெவியத்தான்' நூலில் இச்சொல் வருகிறது. அற்புதம் ஒன்று நடந்ததா இல்லையா என்பதில் ஒருவர் மனத்துக்குள் எதை வேண்டுமானாலும் நம்பலாம். வெளியே ஒப்புக்கொள்ளும் விஷயத்தில் இறையாண்மை உள்ளவரின் தீர்ப்பே பொது நியாயம் என்றார் அவர். இம்மானுவேல் காண்ட் 1784-இல் எழுதிய அறிவொளி பற்றிய கட்டுரையில் இதைத் தலைகீழாக்கினார். ஓர் அறிஞராக வாசக உலகத்தை நோக்கி எழுதுவதே பகுத்தறிவின் பொதுப் பயன்பாடு. பதவியில் இருந்துகொண்டு பேசுவது, பாதிரியார் தம் சபைக்குச் செய்யும் பிரசங்கம் உட்பட, தனிப் பயன்பாடே என்றார். அரசரின் சொத்தாக இருந்த பொது நியாயம் இப்படி வாசகர் கைக்கு வந்தது.

ரால்ஸின் வடிவம்

இன்று புழங்கும் பொருளைத் தந்தவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் (1921–2002). 1971-இல் வெளிவந்த 'நீதி பற்றிய ஒரு கோட்பாடு' நூலில், நீதியான சமூகத்தின் குடிமக்கள் ஏறக்குறைய ஒரே அறக்கோட்பாட்டை ஏற்றிருப்பார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அது நடவாத காரியம் என்று பின்னர் கண்டார். சுதந்திரமான நாட்டில் மனிதர்கள் யோசிக்க யோசிக்க ஒன்றுபடுவதில்லை, பிரிகிறார்கள். சான்றுகள் சிக்கலானவை, எதற்கு எவ்வளவு எடை தருவது என்பதில் ஆளுக்கு ஆள் மாறுபாடு உண்டு, ஒவ்வொருவரும் வாழ்ந்து வந்த பாதையும் வேறு. இவற்றை அவர் தீர்ப்பின் சுமைகள் என்றழைத்தார். கத்தோலிக்கரும் நாத்திகரும் காண்டியவாதியும் நேர்மையாகச் சிந்தித்த பிறகும் மூன்று வெவ்வேறு இடங்களில் போய் நிற்கலாம். மூவரில் ஒருவரையும் முட்டாள் என்றோ அயோக்கியர் என்றோ சொல்ல முடியாது. 1993-இல் வெளிவந்த 'அரசியல் தாராளவாதம்' இந்த நிலையை ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறது.

வாழ்க்கை முழுவதற்கும் விடை தரும் சமயம் அல்லது தத்துவம் ஒவ்வொருவருக்கும் இருக்கலாம். ரால்ஸ் அதை முழுமைக் கோட்பாடு என்கிறார். அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அரசமைப்பின் அடிப்படைகளையும் அடிப்படை நீதியையும் பற்றிய விவாதத்தில் சம உரிமை, சுதந்திரம், சம வாய்ப்பு, பொது நலம் முதலிய அரசியல் விழுமியங்களைக் கொண்டு பேச வேண்டும். சர்ச்சையில்லாத அறிவியல் முடிவுகளையும் பொதுப்புத்தியையும் துணைக்கு அழைக்கலாம். இதற்கு உரைகல் பரஸ்பரம்: நான் முன்வைக்கும் விதியை மற்றவர் பயந்தோ ஏமாந்தோ இல்லாமல், எனக்குச் சமமானவராக நின்று ஏற்கக்கூடும் என்று நான் உண்மையாகவே நம்ப வேண்டும்.

மதம் பேசாதே என்று வாயடைக்கும் ஏற்பாடு இது என்று சொல்லப்படுவதுண்டு. அது பாதிதான் உண்மை. கட்டுப்பாடு முதன்மையாக நீதிபதிகளுக்கும் சட்டமியற்றுவோருக்கும் அமைச்சர்களுக்கும் தேர்தல் வேட்பாளர்களுக்கும் உரியது. சாதாரணக் குடிமக்கள் வாக்களிக்கையில் தம்மைச் சட்டமியற்றுவோராகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அது அறக்கடமைதான், மீறினால் தண்டனை கிடையாது. தேவாலயத்திலும் பல்கலைக்கழகத்திலும் சங்கங்களிலும் நடக்கும் பேச்சுக்கு எந்த வரம்பும் இல்லை. 1997-இல் எழுதிய கட்டுரையில் ரால்ஸ் இன்னும் இறங்கிவந்தார். அரசியல் மேடையில் சமயக் காரணத்தைத் தாராளமாகச் சொல்லலாம். உரிய காலத்தில் அதே முடிவுக்குப் போதுமான அரசியல் காரணமும் தரப்பட்டால் சரி என்றார். சமய மொழியில் வாதிட்ட அடிமைமுறை ஒழிப்பாளர்களையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் வெளியே நிறுத்தும் எந்தக் கோட்பாடும் அமெரிக்காவில் எடுபடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஓர் அடிக்குறிப்பு

'அரசியல் தாராளவாதம்' நூலின் ஆறாவது விரிவுரையில் கருக்கலைப்பு பற்றி ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. அந்நூலில் இதைவிடச் சண்டையை மூட்டிய பகுதி வேறில்லை எனலாம். மனித உயிருக்குரிய மதிப்பு, சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது, பெண்களின் சமத்துவம் என்று மூன்று அரசியல் விழுமியங்களை ரால்ஸ் அங்கே எடுத்துக்கொள்கிறார். இவற்றை நியாயமாக எடைபோட்டால் முதல் மூன்று மாதங்களில் பெண்ணுக்குக் கருக்கலைப்பு உரிமை கிடைக்கும் என்கிறார். அதை மறுக்கும் முழுமைக் கோட்பாடு அந்த அளவில் நியாயமற்றது என்றும் சேர்த்துவிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், அது தம் கருத்தே தவிர வாதமல்ல என்று விளக்கினார். கருக்கலைப்பை எதிர்த்த கர்தினால் ஜோசப் பெர்னார்டின் பொது அமைதி, மனித உரிமைப் பாதுகாப்பு ஆகியவற்றின் பெயரால் பேசியதும் பொது நியாயத்தின் வடிவில் அமைந்த வாதமே என்று சுட்டிக்காட்டினார்.

தத்துவவாதி மைக்கேல் சாண்டலின் மறுப்பு இங்கேதான் கூர்மை பெறுகிறது. கரு ஒரு முழு மனித உயிர் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வது உண்மையாக இருந்தால் பெண்ணின் சமத்துவம் அதைவிடக் கனமாக இருக்க முடியாது. அந்த நம்பிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு எடைபோடலாம் என்பவர், அது பொய் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர் ஆகிறார். 1858-இல் லிங்கனுடன் நடத்திய விவாதங்களில் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸும், அடிமைமுறை சரியா தவறா என்பதை விட்டுவிட்டு அந்தந்தப் பகுதி மக்களே முடிவெடுக்கட்டும் என்றுதான் வாதிட்டார் என்பதைச் சாண்டல் நினைவூட்டினார்.

பின்னர் நடந்தவை சாண்டலின் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. ரால்ஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பொது நியாயத்தின் முன்மாதிரியாகக் கண்டவர். அந்த நீதிமன்றம் 1973-இல் ரோ வழக்கில், உயிர் எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கு விடை சொல்லத் தேவையில்லை என்று கூறிக் கருக்கலைப்பு உரிமையை வழங்கியது. 2022-இல் டாப்ஸ் வழக்கில், கருவின் நிலை பற்றித் தான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை என்று கூறி அதே உரிமையை எடுத்துவிட்டது. இருமுறையும் ஒரே ஒதுங்கல். முடிவு மட்டும் நேர் எதிர்.

இன்னொரு சிக்கலில் தத்துவவாதிகளே நேராக அதே நீதிமன்றத்துக்குப் போனார்கள். ரால்ஸ், ரொனால்ட் டுவர்கின், தாமஸ் நேகல், ராபர்ட் நோசிக், டி. எம். ஸ்கான்லன், ஜூடித் ஜார்விஸ் தாம்சன் ஆறுபேரும், மரணத்தை நெருங்கிய நோயாளி மருத்துவர் உதவியுடன் உயிர்விட உரிமை வேண்டும் என்று மனு அளித்தார்கள். பங்கீட்டு நீதியில் எதிரெதிர் அணியில் நின்ற ரால்ஸும் நோசிக்கும் ஒரே தாளில் கையெழுத்திட்டதே அதிசயம். நீதிமன்றம் 1997-இல் ஒருமனதாக மறுத்துவிட்டது.

பதினான்கு நாள்

நீதிமன்றத்தில் தடுமாறும் பொது நியாயம் குழுக்களில் சற்று நன்றாகவே நடைபோட்டிருக்கிறது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தது. ஆய்வகத்தில் உருவாகி மீந்துபோகும் கருக்களை என்ன செய்வது என்ற கேள்வியும் அதன் கூடவே பிறந்தது. 1982-இல் பிரிட்டிஷ் அரசு தத்துவவாதி மேரி வார்னாக்கின் தலைமையில் ஒரு குழு அமைத்தது. கருவியல் அறிஞர் ஆன் மெக்லாரனும் அதில் இருந்தார்.

வார்னாக் செய்த முக்கியமான காரியம் ஒரு கேள்வியை மாற்றியதுதான். கரு எப்போது மனிதராகிறது என்ற கேள்வியில் குழு இறங்கவில்லை. கருவை எப்படி நடத்துவது சரி என்று கேட்டது. 1984-இல் வந்த அறிக்கை, கருத்தரித்த பதினான்கு நாளுக்குப் பிறகு கருவை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்றது. ஏறக்குறைய அந்த நாளில்தான் கருவில் முதற்கோடு எனப்படும் அமைப்பு தோன்றுகிறது; அதற்குமேல் ஒரு கரு இரட்டையாகப் பிரிவதில்லை. பன்னிரண்டு என்றோ பதினாறு என்றோ வைத்திருக்க முடியாதா என்றால், முடியும். எங்கோ ஒரு கோடு சட்டத்தில் போடப்பட வேண்டும், அது எண்ணிப் பார்க்கக்கூடிய கோடாக இருக்க வேண்டும் என்பதே வார்னாக்கின் வாதம். ஆய்வே கூடாது என்று மூன்று உறுப்பினர்கள் தனிக் குறிப்பு எழுதினார்கள். அதுவும் அறிக்கையிலேயே அச்சானது.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. 1985-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஈனாக் பவல் கொண்டுவந்த கருப் பாதுகாப்பு மசோதா மக்களவையின் இரண்டாம் வாசிப்பில் 238-க்கு 66 என்ற வாக்குகளில் தேறியது, நேரமின்மையால்தான் செத்தது. இடைப்பட்ட ஐந்தாண்டு விவாதத்தில் காற்று திரும்பி, 1990-இல் பதினான்கு நாள் விதி சட்டமாயிற்று. அதே ஆண்டு ஜெர்மனி இயற்றிய கருப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்காகக் கருவை உருவாக்குவதையே குற்றமாக்கியது. நாஜிக் காலத்து மருத்துவத்தைக் கண்ட நாடு, தன் அரசமைப்பின் முதல் பிரிவான மனித மாண்பைக் காட்டி நியாயம் சொன்னது. இரண்டும் பொது நியாயங்கள்தாம். ஒரே கேள்விக்கு ஒரே விடைதான் வரவேண்டும் என்று இக்கோட்பாடு எங்கும் வாக்குறுதி தரவில்லை.

பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளின் விதிகளில் பதினான்கு நாள் இடம்பெற்றது. பல ஆண்டுகள் அதற்கு வேலையே இல்லை. கருவை அவ்வளவு நாள் வளர்க்க எவருக்கும் தெரியாது. 2016-இல் இரு ஆய்வுக்குழுக்கள் பதின்மூன்றாம் நாள்வரை நெருங்கியபிறகே விதி உறுத்தத் தொடங்கியது. 2021-இல் சர்வதேசக் குருத்தணு ஆய்வுச் சங்கம், பதினான்கு நாள் தாண்டுவதைத் தடைசெய்யப்பட்ட ஆய்வுகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மக்களிடையே விரிவான கலந்துரையாடல் நடக்க வேண்டும் என்றது. தொழில்நுட்பம் எட்டாதவரை கோடு புனிதம், எட்டியதும் பேச்சுவார்த்தை என்றால் அந்தக் கோட்டுக்கு முதலில் சொன்ன நியாயம் என்ன ஆயிற்று என்று எதிர்ப்பாளர்கள் கேட்பதில் பொருள் இருக்கிறது.

காரணத்தில் உடன்படாமல் முடிவில் உடன்படுதல்

டஸ்கிகீ நகரில் கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் சிகிச்சை தராமல் நாற்பதாண்டு கவனித்த ஆய்வு 1972-இல் அம்பலமானது. அதையடுத்து அமெரிக்கா 1974-இல் அமைத்த தேசிய ஆணையம் மனிதர்மீதான ஆய்வின் அறம் பற்றிய பெல்மான்ட் அறிக்கையை 1979-இல் வெளியிட்டது. ஆணையத்தோடு பணியாற்றிய தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் பின்னர் ஒரு விசித்திரத்தை எழுதினார். உறுப்பினர்கள் குறிப்பிட்ட நேர்வுகளில் என்ன செய்யலாம் என்பதில் எளிதாக உடன்பட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கொள்கை சொன்னார்கள். ரால்ஸ் எதிர்பார்த்தது கிட்டத்தட்ட இதற்கு மறுதலை: அடிப்படைக் காரணங்களில் உடன்பாடு, முடிவுகளில் வேற்றுமை.

இந்தப் பிளவு ரால்ஸுக்குப் பின்வந்த அறிஞர்களிடமும் இருக்கிறது. எல்லோரும் பகிரக்கூடிய காரணமே வேண்டும் என்கிறார் ஜொனாதன் குவாங். அவரவருக்கு அவரவர் காரணம் இருந்து எல்லோரும் ஒரே விதியில் வந்து சேர்ந்தால் போதும் என்பது ஜெரால்ட் காஸின் கட்சி. சிறுநீரக விற்பனைத் தடையை எடுத்துக்கொள்வோம். உடல் இறைவன் கொடுத்தது என்பார் ஒருவர், மனிதருக்கு விலை கிடையாது என்பார் காண்டியவாதி, ஏழைகள் சுரண்டப்படுகிறார்கள் என்பார் மூன்றாமவர். காஸுக்கு மூன்றும் செல்லும். குவாங்கின் கண்ணில் மூன்றாவதுதான் சட்டத்தைத் தாங்கும். அதற்குச் சான்றும் உண்டு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. கடனை அடைக்கவே பெரும்பாலோர் விற்றிருந்தார்கள். விற்றபின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நிலை கெட்டதாகச் சொன்னார்கள். வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் விழுந்த காலத்தின் கணக்கு இது. ஆனால் ஈரானில் 1988 முதல் அரசு மேற்பார்வையில் பணம் தரும் முறை இருக்கிறது. ஒழுங்கான விலையும் சிகிச்சையும் கிடைத்தால் சுரண்டல் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்ற கேள்வி அங்கே எழுகிறது. அப்போதும் தடையைத் தாங்கி நிற்கக்கூடியவை, பகிர முடியாதவை என்று குவாங் தள்ளிவைக்கும் முதலிரண்டு காரணங்களே.

உயிரி அறவியலாளர் எச். ட்ரிஸ்ட்ராம் எங்கல்ஹார்ட் (மறைவு 2018) இதையெல்லாம் நம்பவில்லை. அறத்தில் அந்நியரான மனிதர்களுக்கிடையே பொதுவானது ஒருவருக்கொருவர் தரும் சம்மதம் மட்டுமே என்றார். தத்துவவாதி நார்மன் டேனியல்ஸ் எதிர்த்திசையில் போனார். மருத்துவப் பணம் எல்லோருக்கும் போதாதபோது யாருக்கு என்ன சிகிச்சை மறுப்பது என்பதில் உடன்பாடு வராது என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். முடிவும் காரணமும் வெளிப்படையாக இருக்க வேண்டும், காரணம் பொருத்தமானதென்று நியாயமானவர்கள் ஏற்க வேண்டும், மேல்முறையீடு வேண்டும், இவற்றை அமல்படுத்த ஏற்பாடும் வேண்டும் என்று ஜேம்ஸ் சபினோடு சேர்ந்து நான்கு நிபந்தனைகள் வைத்தார். சிகிச்சை மறுக்கப்பட்டவர் முடிவை ஏற்காவிட்டாலும், எதை எதிர்த்து வாதாட வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரியும். இக்கோட்பாட்டிலிருந்து மருத்துவமனை வரை போய்ச் சேர்ந்த பயனுள்ள பகுதி இதுவே என்று தோன்றுகிறது.

இந்திய நீதிமன்றங்களின் வழி

இந்தியாவில் அரசு சமயத்தை ஒதுக்கிவைப்பதில்லை. அதற்கே பொருள் சொல்கிறது. சென்னை மாகாண அறநிலைய ஆணையர் தொடர்பான 1954-ஆம் ஆண்டு ஷிரூர் மடம் வழக்கிலிருந்து, ஒரு வழக்கம் அந்தச் சமயத்துக்கு இன்றியமையாததா என்று நீதிமன்றங்கள் ஆராய்ந்து வருகின்றன. சமணர்கள் உணவை விட்டு உயிர்துறக்கும் சந்தாரா நோன்பு இன்றியமையாததென நிறுவப்படவில்லை என்று கூறி, ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் அதைத் தற்கொலையாகக் கருதச் சொன்னது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2018-இல் காமன் காஸ் வழக்கில், மீளமுடியாத நோயாளி சிகிச்சையை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது துணைக்கு அழைத்தது மாண்பையும் தன்னுரிமையையும். சாவை ஏற்கும் இருவரில் நோயாளியிடம் அரசமைப்பின் மொழியில் பேசிய சட்டம், நோன்பிருப்பவரிடம் அவர் சமயத்தின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது.