இரவல் வந்த தட்டு

பெரியம்மாவின் பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்த மறுநாள், பெராப்பிட் வீட்டுப் பின்னறையில் இருந்த மர அலமாரியைத் திறந்தோம். பெரியப்பா போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர் சேர்த்துவைத்த இசைத்தட்டுகளை அத்தனை காலமும் பெரியம்மாதான் காத்துவந்தார். போட்டுக் கேட்கவில்லை, காத்துவந்தார். மாதம் ஒருமுறை துடைத்து, சுவரின் ஈரம் ஏறாமல் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்று பாரம் விழாமல் புத்தகம்போல நிறுத்தி வைத்திருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் படுக்கையில் கிடந்தபோது அதைச் செய்ய ஆள் இல்லை. உறைகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. மூன்று தட்டுகள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடந்தன. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேருக்குத் துக்கம் காக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் ஒருவர் கண்மூடினால் அவர் பிறப்பிலிருந்து பேச்சைத் தொடங்குவது நம் வழக்கம். தட்டையான இசைத்தட்டைத் தந்தவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர். 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் உடம்பு நம் பக்கத்து மண்ணிலிருந்து போனது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அந்தப் பழைய தட்டுகளைப் பிணைத்து இறுக்கியது, இந்தியக் காட்டுமரக் கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் அரக்கு; பாண்டவர்களுக்கு மாளிகை கட்டிய அதே அரக்கு. 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்தார். அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் மலாய்ப் பாட்டுகள் பதிவாயின. பின்னர் நம் நாடக மேடையின் குரல்களும் அதில் ஏறின. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் போய்விட்டார். படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் பாடியது இன்றைக்கு நம் காதில் விழுகிறதென்றால் அது தட்டு சுமந்துவந்த கடன். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். மணிக்கணக்கில் தோடியை விரிக்கக்கூடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, அந்தச் சிறிய இடத்துக்குள் அதை ஒடுக்கிக் கொடுத்தார். கோயில் வீதியில் நின்று அவரைக் கேட்கக் கொடுத்துவைக்காத நம் முன்னோர், கடலுக்கு இந்தப் பக்கம் கித்தாக் காட்டு நடுவில் உட்கார்ந்து அவரைக் கேட்டார்கள்.

எங்கள் ஊரான புக்கிட் மெர்தாஜாமுக்குத் தட்டு கப்பலேறித்தான் வந்தது. 1926 முதல் ஓடிய ரஜூலா, நாகப்பட்டினத்தில் ஏற்றிய மனிதர்களைப் பினாங்கில் இறக்கியபோது அவர்களின் தகரப் பெட்டிகளில் வேட்டிக்கும் சேலைக்கும் நடுவே சில தட்டுகளும் இறங்கின. பிறகு ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ. நம்மைப் போலவே வந்து, நம்மைப் போலவே சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குள் பிரிந்து போனது. பெரியப்பா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தார். கிராணி வீட்டு வாசலில் மாலை விளக்கு வைத்த பிறகு பெட்டியைத் திறந்து சாவி முறுக்கினால், லயத்துப் பிள்ளைகள் படியில் வந்து உட்கார்ந்துகொள்வார்களாம். அவர்கள் உள்ளே வருவதில்லை. அந்தக் காலத்து இடைவெளி அப்படி. ஆனால் பாட்டுக்குப் படி தெரியாதே. வாசலைத் தாண்டிப் போய்ப் பெரட்டுக் களம் வரை கேட்கும் என்று பெரியம்மா சொல்வார்.

1948இல் கொலம்பியா நிறுவனம் வினைலில் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை, விழுந்தாலும் நொறுங்காத உடம்பு. மறு ஆண்டு 45 சுற்றுச் சிறுதட்டு வந்தது. மலாய்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிரிங் ஹித்தாம் என்றார்கள், கறுப்புத் தட்டு. நம் வீடுகளில் அது ரெக்கார்டு. உங்கள் வீட்டிலும் கூடத்துச் சுவரோரம் கால் முளைத்த ரேடியோகிராம் ஒன்று நின்றிருக்கும். மேலே பூவேலை செய்த துணி விரித்து, அதன்மேல் கல்யாணப் படம் வைத்திருப்பார்கள்.

பெரியப்பா சேர்த்தவற்றில் ஊரறிந்த பாட்டுகள் குறைவு. அவற்றைத்தான் வானொலியின் இந்தியப் பகுதி நாள்தோறும் போடுகிறதே, காசு கொடுத்து வாங்குவானேன் என்பது அவர் கணக்கு. வானொலி போடாததை, அல்லது ஒருமுறை போட்டுவிட்டு மறந்ததைத் தேடினார். ஓடாத படங்களின் சிறுதட்டுகள், திருவிளையாடல் கதைவசனம், நாகஸ்வரம். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல் இல்லாத பாட்டு. மின்கிதாரில் இந்திப் படப் பாட்டுகளை வாசித்த வான் ஷிப்லி, வீணையில் குயிலைக் கூவவைத்த சிட்டிபாபு, திரைக்கு வெளியே வாத்தியங்களை மட்டும் வைத்து எம். எஸ். விசுவநாதன் செய்த ‘திரில்லிங் தீமாட்டிக் டியூன்ஸ்’, பினாங்கில் பிறந்த அகமது நவாபின் சாக்ஸபோன். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை விலைபோட்டு விற்றார்கள். கிராணிமார் நாற்காலியும் பீங்கானும் வாங்க, பெரியப்பா மாண்டோவானி வாத்தியக் குழுவின் நெடுந்தட்டுகளை ஒரு கட்டாகத் தூக்கி வந்தார். பிற்பாடு பால் மோரியாவும் சேர்ந்துகொண்டார்.

இந்த வகை இசையை மட்டமாகப் பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டல் கூடத்தில் யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. நமக்கு அதற்கு ஒரு நல்ல சொல்லே இருக்கிறது: மெல்லிசை. விசுவநாதன் – ராமமூர்த்திக்கு 1963இல் பட்டம் கொடுத்தபோது அந்தச் சொல்லைத்தான் மகுடமாக வைத்தார்கள். நாள் முழுக்கப் பேர்ப்பதிவும் பால் எடையும் எழுதி, மேலிடத்து அதட்டலையும் கீழிருந்து வரும் முறையீட்டையும் இரண்டு காதிலும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஒருவருக்கு, யாரும் எதுவும் சொல்லாத ஒரு பாட்டு தேவைப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் பெரியம்மா சமையற்கட்டில் பாத்திரம் உருட்டமாட்டார். ஒரு பக்கம் முடிந்து ஊசி நடுவே வந்து கரகரக்கும்போது யாராவது எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். கேட்பவர் கை படாமல் அது பாடியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்குப் போவார். ரோப் வாக் நடைபாதையில் பழைய சாமான் பரப்பியிருந்த காலத்தில் அங்கே, அந்தச் சந்தை லோரோங் கூலிட்டுக்கு மாறிய பின் அங்கே. சௌராஸ்தா சந்தை மாடியின் பழைய புத்தகக் கடைகளையும் விடமாட்டார். சில ஞாயிறுகளில் என்னையும் கூட்டிப்போனார். தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பையும் நடுவையும் மட்டும் உள்ளங்கையிலும் விரலிலும் தாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். எந்த இடம் அடிக்கடி ஓடியிருக்கிறது என்று அதில் தெரியும். வழவழப்பு மங்கிச் சாம்பல் பூத்த வளையத்தைக் காட்டி, “இந்தப் பாட்டுமேல யாருக்கோ உசிரு” என்பார். வாங்கும் தட்டில் முன்பு கேட்டவர்களும் இருக்கிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஊசி அந்தத் தடத்தை நூலிழை தேய்க்கிறது. ஆக, தட்டு பாடியவரோடு சேர்த்துக் கேட்டவரையும் எழுதிக்கொண்டது. வேறெந்தப் பாட்டுக் கருவியும் நமக்கு அந்த மரியாதையைச் செய்ததில்லை.

நம் ஊரில் செரோக் தோக்குனில், அன்னாள் மாதா கோயில் வளாகத்தில், பல்லவ எழுத்துப் பொறித்த ஒரு பாறை இருக்கிறது. கர்னல் ஜேம்ஸ் லோ 1845இல் அதைக் கண்டு எழுதிவைத்தார். ஜூலைத் திருவிழாக் கூட்டத்தில் அதைப் பார்க்காமலே கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். பெரியப்பா அதன்முன் நின்று, கல்லிலே வெட்டினவன் கையும் தெரிகிறது, தொட்டுத் தொட்டு மழுங்கவைத்தவன் கையும் தெரிகிறது என்றார். அன்றைக்கு அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

தட்டுக்கு நோய் 1970களில் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், மலிவும் கைக்கடக்கமுமாக நம் வீடுகளுக்குள் நுழைந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்த பிறகு, இந்தக் கரையில் பிறையிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழும்பின. பால்வெட்டுக்குப் போக வேண்டிய எங்கள் அக்காமார் விடியலில் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். முதல் சம்பளத்தில் அக்கா வாங்கி வந்தது ஒரு கேசட் பெட்டி. பெரியப்பா எழுந்து ரேடியோகிராமின் மேலிருந்த கல்யாணப் படத்தைத் தள்ளி அதற்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளை சம்பாதித்துக் கொண்டுவந்தது. ஆனாலும் அவர் தட்டு வாங்குவதை நிறுத்தவில்லை. 1979இல் எல்லிகேட்ஸ் குழுவின் ‘தெரிமா காசே’ வந்தபோது, லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள் என்பதற்காகவே அந்த மலாய்த் தட்டை வாங்கினார். நன்றி என்று பொருள்படும் அதுதான் அவர் புதிதாக வாங்கிய கடைசித் தட்டு என்று நினைக்கிறேன்.

கேசட் மட்டும் அதைக் கொன்றுவிடவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும்தான் கொன்றது. ஆல்மாவில் பால்மரங்கள் நின்ற இடத்தில் தாமான்கள் வந்தன. லயங்களை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்று பார்த்தபோது, கனத்த தட்டுக் கட்டுகள்தான் முதலில் விடப்பட்டன. சிலர் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்கள், அவர் எடைக்கும் எடுக்கவில்லை. சிலர் வெந்நீரில் வளைத்துப் பூந்தொட்டி செய்தார்கள். துத்தநாகக் கூரையின் சூட்டில் தாமாகவே வளைந்துபோனவையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தமிழ்ப் படங்களுக்குப் புதுத் தட்டு வருவதும் நின்றது.

இப்போது இளைஞர்கள் மறுபடி வாங்குகிறார்கள். எங்கள் அலமாரியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு சீன இளைஞர் வந்தார். அகமது நவாபின் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, பெரியப்பா பிடித்ததைப் போலவே பிடித்து வெளிச்சத்துக்குச் சாய்த்தார். அவருக்கு அதைக் கொடுத்ததில் எனக்கு நிறைவுதான். ஆனாலும் மாலை விளக்கு வைத்த பிறகு படியில் வந்து உட்காரும் பிள்ளைகளை அது இனிக் கூட்டிவராது.

பெரியம்மா நினைவோடு இருந்த கடைசி மாதங்களில் கைப்பேசியில் ராஜரத்தினம் பிள்ளையின் அந்தத் தோடியைப் போட்டுக் காட்டினேன். கரகரப்பு நீக்கி யாரோ துடைத்து எடுத்த பதிவு. கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் சட்டென்று தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். எங்கள் தட்டில் ஊசி சிக்கும் இடம் அது. ஓடிப்போய் விரலால் மெல்லத் தள்ளிவிட வேண்டும். தள்ளாமலே வாசிப்பு மேலே போனது. அவர் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, மறுபடி சாய்ந்துகொண்டார்.

அந்தத் தோடித் தட்டை அலமாரியின் அடித்தட்டில் கண்டெடுத்தேன். அரக்குத் தட்டு, ஓரத்தில் சின்ன உடைவு. இத்தனை காலமும் அது பெரியப்பா வாங்கியது என்றே நினைத்திருந்தேன். உறையின் பின்புறம் பென்சிலில், அவருடையதல்லாத கையெழுத்தில், ஆல்மா, மூன்றாம் லயம் என்றும், தைப்பூசத்துக்குள் திருப்பித் தரவும் என்றும் எழுதியிருந்தது. எந்த ஆண்டுத் தைப்பூசம் என்று இல்லை. அதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு ஆல்மாவுக்குப் போனேன். லயம் இருந்த பக்கம் என்று ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் கைகாட்டிய இடத்தில் வரிசை வீடுகள் இருந்தன, வாசலில் கார்கள் நின்றன. அந்த லயத்து ஆட்கள் எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. திரும்பக் கொண்டுவந்து, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்திருக்கிறேன். அது எங்களுடையது அல்ல.