உடற்பயிற்சி வீடியோ கேம்கள்

விரலால் பொத்தானை அழுத்தி ஆடாமல், கை கால் அசைத்து ஆடும் திரை விளையாட்டுகளே உடற்பயிற்சி வீடியோ கேம்கள். பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அம்புக்குறிகளை மிதித்து ஆடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' ஆட்டத்தை 1998இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட பிறகு இவ்வகை உலகெங்கும் அறிமுகமானது. வீட்டுக் கூடங்களில் இதைப் பரப்பியது நின்டென்டோவின் 'வீ' கருவி (2006). எடையையும் சமநிலையையும் உணரும் பலகையோடு 'வீ ஃபிட்' 2007இல் வந்தது. உடலசைவைக் கேமராவால் கண்டறியும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் 2010இல் வெளியானது. 2017இல் அதன் உற்பத்தி நின்றது.

இவை எல்லாம் ஒரே அளவு உழைப்பை வாங்குவதில்லை. 'வீ ஸ்போர்ட்ஸ்' டென்னிஸில் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலே பந்து பறக்கும். 2019இல் வந்த 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' அப்படி ஏமாற்ற விடாது. தொடையில் கட்டிய பட்டையில் ஒரு உணரி, கையில் வளையும் வளையத்தில் இன்னொன்று. நின்ற இடத்திலேயே ஓடினால்தான் திரையில் இருப்பவர் ஓடுவார். எதிரியை வீழ்த்த உட்கார்ந்து எழ வேண்டும், வளையத்தை நெஞ்சுக்கு நேராக வைத்து அழுத்த வேண்டும். 'வீ' ஆடிய பதின்பருவத்தினரை அளந்து 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, உட்கார்ந்து ஆடுவதைவிட அதிக ஆற்றல் செலவானாலும், அன்றாடம் தேவையான உடற்பயிற்சிக்கு அது ஈடாகாது என்றே முடிவு செய்தது.

ஆனாலும் பலனைத் தீர்மானிப்பது கருவியைவிட வீட்டின் ஏற்பாடுதான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் சிறுவர்களில் ஒரு பகுதியினருக்கு இத்தகைய ஆட்டங்களையும் மற்றவர்களுக்குச் சாதாரண ஆட்டங்களையும் கொடுத்து, எப்படி ஆட வேண்டும் என்று எதுவும் சொல்லாமல் விட்டார்கள். சில வாரங்கள் உடலசைவை அளந்து பார்த்ததில் இரு குழுவுக்கும் வேறுபாடே இல்லை என்று 2012இல் அறிவித்தார்கள். லூசியானாவில் உடல் எடை கூடிய 46 சிறுவர்களிடம் நடந்த 'கேம்ஸ்குவாட்' ஆய்வில் (2018) ஒரு குழுவுக்கு ஆட வேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டன. குடும்பத்தாரோ நண்பரோ சேர்ந்து ஆடினார்கள். பயிற்சியாளர் வீடியோ அழைப்பில் விசாரித்தார். 24 வாரங்களில் அந்தக் குழுவினரின் வயதுக்கேற்ற உடல் நிறைக் குறியீட்டு மதிப்பு குறைந்தது. 46 பேர் சிறிய எண்ணிக்கை என்பது நியாயமான மறுப்பு. பலனைத் தந்தது கருவியா, பயிற்சியாளரா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மையே. ஆனால் அந்தக் குழப்பமே இங்கே வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது: அக்கறையோடு உடனிருக்கும் ஆளில்லாமல் இயந்திரம் மட்டும் என்ன செய்யும் என்பதை ஹூஸ்டன் காட்டிவிட்டது.

திரை நேரம் கூடுமே, மைதானத்தை மறக்கடிக்குமே என்று பெற்றோர் அஞ்சுவதில் பொருளுண்டு. மைதானத்தில் கிடைக்கும் வெயிலும் தோழமையும் இவற்றில் இல்லை. ஆனால் மழை நாளிலும், விளையாட இடமில்லாத அடுக்குமாடியிலும் இவற்றோடு ஒப்பிட வேண்டியது மைதானத்தை அல்ல, குழந்தை உட்கார்ந்தே கழிக்கும் மாலையைத்தான். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஒரு பங்கை இந்த ஆட்டங்கள் தரும். கருவி வாங்கும் பெற்றோர் நேரத்தைக் குறித்து, தாங்களும் எழுந்து நின்று பிள்ளைகளோடு ஆட வேண்டும்.