குருதிச்சோகை: காரணம் அறிந்தே மருந்து

"இரத்தம் குறைவு" என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கடையில் சத்து மாத்திரையோ பாணி மருந்தோ வாங்கிச் செல்வோர் எம்மிடையே பலர் உள்ளனர். களைப்பு, மூச்சுவாங்கல், முகவெளிறல் ஆகியவற்றுக்கு அதுவே பரிகாரம் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால், குருதிச்சோகை தனியொரு நோயன்று. வேறொரு குறைபாட்டின் வெளிப்பாடேயாகும். அக்குறைபாடு எதுவெனக் கண்டறியாமல் மருந்து உட்கொள்வது பயனற்றது மட்டுமன்றிச் சில வேளைகளில் ஆபத்தானதுமாகும்.

செங்குழியங்கள் என்பு மச்சையில் உருவாகின்றன. வளர்ந்தோர் ஒருவரின் உடலில் செக்கனுக்குச் சுமார் 20 இலட்சம் செங்குழியங்கள் பிறக்கின்றன; அவை ஏறத்தாழ 120 நாட்களே வாழ்கின்றன. இவ்வுற்பத்திக்குக் கட்டளையிடுவது, ஒட்சிசன் குறையும்போது சிறுநீரகம் சுரக்கும் எரித்திரோபொயட்டின் என்ற ஓமோன். ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினை ஆக்க இரும்பு வேண்டும். கலங்கள் பெருக போலிக் அமிலமும் விற்றமின் பி 12 உம் வேண்டும். இவற்றுள் எது தவறினாலும் குருதிச்சோகை தோன்றும்.

மிகப் பரவலாகக் காணப்படுவது இரும்புக் குறைபாடே. கர்ப்பிணிகள், மாதவிடாயின்போது அதிகம் குருதியிழக்கும் பெண்கள், சிறுவர் ஆகியோரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். எமது நாட்டின் கர்ப்பிணிகள் கிளினிக்குகளில் இரும்பு, போலிக் அமிலம், விற்றமின் சி மாத்திரைகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. எனினும், மாத்திரையை விழுங்கிய கையோடு தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். கல்சியம் மாத்திரையையும் வேறொரு வேளையிலேயே எடுக்க வேண்டும். மலம் கறுப்பது இம்மருந்தின் இயல்பான விளைவு. அதற்கு அஞ்சி மாத்திரையைக் கைவிடலாகாது. அதேவேளை, நடுத்தர வயதைக் கடந்த ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைபாடு ஏற்பட்டால், இரைப்பையிலோ குடலிலோ குருதி கசிகின்றதா எனப் பரிசோதித்தல் அவசியம். குடற் புற்றுநோயின் முதல் அறிகுறி சிலரில் இதுவேயாகும். சத்து மாத்திரையுடன் கழியும் மாதங்கள் அந்நோய்க்கே சாதகமாகின்றன.

எல்லாச் சோகையும் இரும்பினால் தீர்வதில்லை. பம்பாயில் துணி ஆலைகளில் பணிபுரிந்த வறிய கர்ப்பிணிகளிடம் ஆய்வு நடத்திய ஆங்கிலேய வைத்தியர் லூசி வில்ஸ், அவர்களுக்கு ஏற்பட்ட ஒருவகைச் சோகை ஈஸ்ட் சாற்றினால் குணமாவதை 1931 ஆம் ஆண்டு வெளியிட்டார். எமது சமையலறைகளுக்கும் பழக்கமான மார்மைட்டே அவர் பயன்படுத்திய சாறு. அதிலிருந்த சத்து போலிக் அமிலம் எனப் பின்னர் தெரியவந்தது. ஆனால், குறைந்திருப்பது விற்றமின் பி 12 ஆயின், போலிக் அமிலத்தை மட்டும் உட்கொள்வது சோகையை மறைத்து, நரம்புச் சேதம் தொடர இடமளித்துவிடும். முற்றான சைவ உணவு உண்போரும் மெற்போமின் மாத்திரையை நீண்டகாலம் உட்கொள்ளும் நீரிழிவு நோயாளரும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்தோருக்கு ஓமோனே போதாமற் போகின்றது. அமெரிக்காவில் 1989 இல் அங்கீகாரம் பெற்ற செயற்கை எரித்திரோபொயட்டின் ஊசி, அடிக்கடி குருதியேற்றும் நிலையிலிருந்து அத்தகையோரை விடுவித்தது. எனினும் அளவு மீறினால் குருதியமுக்கம் உயரும். குருதி உறையவும் கூடும். வைத்திய மேற்பார்வையின்றி அது பயன்படுத்தப்படலாகாது.

பரம்பரை நோயான தலசீமியாவில் நிலைமை முற்றிலும் வேறு. மாதந்தோறும் குருதியேற்றப்படும் பிள்ளைகளின் உடலில் இரும்பு மிகையாகத் தேங்கி இருதயத்தையும் ஈரலையும் சிதைக்கும். அவர்களுக்கு வேண்டியது இரும்பை வெளியேற்றும் டெஸ்பெரிஒக்சமின், டெபரசிரொக்ஸ் போன்ற மருந்துகளே. பெற்றோர் இருவரும் இந்நோயின் காவிகளாயின், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நான்கிலொன்று. காவிகள் வெளித்தோற்றத்தில் ஆரோக்கியமானவர்கள். அவர்களின் இலேசான சோகை இரும்புக் குறைபாடென்றே பெரும்பாலும் தவறாகக் கருதப்படுகின்றது. உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தமிழ், முஸ்லிம் மக்களிடையே உள்ளமையால், திருமணத்திற்கு முன்னரான குருதிப் பரிசோதனையை நாம் கூச்சமின்றி ஏற்க வேண்டும்.

பொருத்தம் பார்ப்பதற்கும் சீர்வரிசைக்கும் செலவிடும் அக்கறையில் ஒரு சிறு பங்கு இப்பரிசோதனைக்குப் போதுமானது. முழுக் குருதிக் கல எண்ணிக்கைப் பரிசோதனை அரசாங்க வைத்தியசாலைகளில் செய்யப்படும் சாதாரணமான ஒன்று. அதன் முடிவைக் கண்டு வைத்தியர் காரணத்தைக் கூறிய பின்னரே மருந்தை நாடுவோம் என்ற பழக்கம் எமது இல்லங்களில் வேரூன்ற வேண்டும்.